இந்தியத் தமிழர், சிலோன்காரர், மலையகத் தமிழர்: ஒரே குடும்பத்துக்குள் இத்தனை அடையாளங்கள் எப்படி உருவாயின?

கேள்வி
எழுதியவர்: குன்னூர்ப் பேரன்

அனைவருக்கும் வணக்கம். நான் கோவையில் சமூகவியல் முதுகலை படித்து வருகிறேன். என் தாய்வழிக் குடும்பம் இலங்கையின் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சில தலைமுறைகள் வாழ்ந்து, தோட்டத் தமிழர்களில் யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று இரு நாடுகளும் பிரித்துக்கொண்ட 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1970-களில் நீலகிரிக்கு வந்து சேர்ந்த குடும்பம். பாட்டியின் அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் பதுளையில் இருக்கிறார்கள். பாட்டியின் தங்கை குடும்பமோ 1977-ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது தோட்டத்தை விட்டு வெளியேறி, வவுனியாவில் சில காலம் இருந்துவிட்டுக் கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறியது.

ஆய்வேட்டுக்காக இந்த மூன்று கிளையினரிடமும் பேசி வருகிறேன். தங்களை யாரென்று சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேட்டால், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளின் வழிவந்தவர்கள் மூன்று விதமாகப் பதில் சொல்கிறார்கள். பதுளையில் இருக்கும் மாமன் மகள், தன் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் இனம் 'இந்தியத் தமிழர்' என்று பதிவாகியிருந்தாலும், தன்னை 'மலையகத் தமிழர்' என்றே சொல்கிறார். 'இந்திய' என்ற அடைமொழியைக் கேட்டால் கோபப்படுகிறார். கிளிநொச்சியில் இருக்கும் சித்தியின் மகன் 'இலங்கைத் தமிழர்' என்கிறார். மலையகம், அதாவது இலங்கையின் மலைநாட்டுத் தோட்டப் பகுதி, தன் பெற்றோருடைய கதை, தன்னுடையதன்று என்கிறார். இங்கே நீலகிரியில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் என் பாட்டியோ, அரை நூற்றாண்டு கடந்த பிறகும், 'நாங்கள் சிலோன்' என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார்.

அடையாளம் உருவாவதைப் பற்றி நான் படிக்கும் பாடநூல்கள், வளரிளம் பருவத்தில் ஒருவர் தன்னைத் தேடிக் கண்டடைந்து, பின்னர் அதிலேயே நிலைபெறுவதாகச் சொல்கின்றன. என் குடும்பத்தின் கதை இதற்குள் அடங்கவில்லை. அரசு கொடுத்த பெயரைத்தான் மக்கள் காலப்போக்கில் தமதாக்கிக்கொள்கிறார்களா, அல்லது மக்கள் தாமாகவே மாறிய பிறகு அரசின் படிவங்கள் மெல்ல வந்து சேருகின்றனவா? மலையகத்தையும், அங்கிருந்து பெயர்ந்தவர்களின் வாழ்வையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.


மறுமொழி 1
எழுதியவர்: அட்டன் பழைய ஆசிரியர்

தம்பிக்கு வணக்கம். உங்கள் கேள்வி இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. எங்கள் வரலாற்றில் இரண்டும் மாறி மாறி நடந்திருக்கின்றன. அதனால் சற்று நீட்டியே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 1820-களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்த மனிதர்கள் 'இந்தியத் தமிழர்' என்ற எண்ணத்தோடு வரவில்லை. இந்தியா என்ற நாட்டுணர்வே அன்று அவர்களை எட்டியிருக்க வாய்ப்பில்லை. எந்த ஊர், எந்தச் சாதி, எந்தக் கங்காணியின் ஆள் என்பதே அவர்களுடைய அடையாளமாக இருந்தது. கோப்பிக்குப் பருவகாலத்தில் மட்டும் ஆள் வேண்டியிருந்தது என்பதால் பலர் அறுவடைக்கு வந்து, பிழைத்தவர்கள் ஊர் திரும்பினார்கள். 1869-இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்து, அதன் இடத்தில் தேயிலை வந்தபோது நிலைமை மாறியது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால் குடும்பங்கள் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நிரந்தரமாகத் தங்கின. பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அங்கேயே பேர் பதிந்தார்கள். ஊருக்குப் போய் வருவது தலைமுறைக்குத் தலைமுறை குறைந்தது.

1911-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில்தான் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான்) இலங்கையின் தமிழர்கள் முதன்முறையாக இரண்டாகப் பிரித்து எண்ணப்பட்டார்கள். அதுவரை ஒரே தலைப்பின்கீழ் இருந்தவர்கள், 'இலங்கைத் தமிழர்' என்றும் 'இந்தியத் தமிழர்' என்றும் ஏறத்தாழ ஒரே அளவிலான இரண்டு கூட்டங்களாக, ஒவ்வொன்றும் ஐந்தே கால் இலட்சம் பேர் அளவில் பதிவானார்கள். இது நிர்வாகத்தின் வசதிக்காகச் செய்யப்பட்டது. தோட்டத்தில் எவரும் இதைக் கேட்கவில்லை.

இதற்குப் பின் நடந்ததைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 1920-களிலும் 30-களிலும் 'இந்தியர்' என்ற அந்தப் பெயர் எங்கள் முன்னோருக்குப் பெருமிதம் தரும் பெயராயிற்று. 1927-இல் காந்தியடிகள் இலங்கை வந்தார். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மாளும் தோட்டம் தோட்டமாகச் சங்கம் கட்டினார்கள். 1939-இல் நேரு வந்தபோது இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. துரைமாரின் முன்னால் தலைநிமிர்ந்து நிற்பதற்கு 'நான் இந்தியன்' என்ற சொல் அன்று ஒரு பிடிமானமாக இருந்தது. 1947-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அந்தக் காங்கிரஸின் 7 உறுப்பினர்கள் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார்கள், கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்களில் ஒருவர்.

அதற்கு அடுத்த ஆண்டே அதே பெயர் குற்றச்சாட்டாக மாறியது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்ததை மட்டும் போதுமானதாக ஏற்கவில்லை. தந்தையும் இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ ஆவணத்தோடு நிறுவச் சொன்னது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத லயத்தில் பூட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் பிரசாவுரிமை கேட்க வழிசெய்த 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்களில் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே உரிமை கிடைத்தது. இலட்சக்கணக்கானோர் வாக்குரிமையும் நாடும் இல்லாதவராயினர். இலங்கை இந்தியர் காங்கிரஸ் விரைவிலேயே தன் பெயரை இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று மாற்றிக்கொண்டதைக் கவனியுங்கள். பெருமிதத்துக்காகச் சூடிய சொல், நாடு கடத்துவதற்கான காரணமாக மாறியபின் அதைத் தலைப்பில் வைத்திருக்க முடியவில்லை.

'மலையகத் தமிழர்' என்ற உணர்வு இதற்குப் பிந்தியது. 1960-களில் தோட்டப் பள்ளிகளிலிருந்து மேலே படித்து வந்த முதல் தலைமுறை ஆசிரியர்களும் மாணவர்களும் எழுத்தாளர்களும் இதைப் பேசவும் எழுதவும் தொடங்கினார்கள். நாங்கள் இந்தியாவின் ஒரு துண்டு அல்ல, யாழ்ப்பாணத்தின் ஒரு துண்டும் அல்ல, இந்த மலைநாட்டைக் காட்டிலிருந்து தோட்டமாக்கிய தனி மக்கள் என்பதே அதன் சாரம். 1989-இல் ஓர் அரசியல் கட்சியே மலையக மக்கள் முன்னணி என்ற பெயரில் தொடங்கும் அளவுக்கு அது ஊன்றியது. உங்கள் மாமன் மகளின் கோபத்தின் பின்னணி இதுதான். 'இந்திய' என்று யாராவது சொல்லும்போது அவருக்கு 1948-உம் 1964-உம் ஒருசேர நினைவுக்கு வருகின்றன.

ஆகவே என் கருத்து: முதலில் அரசு பெயர் வைத்தது, மக்கள் அதை எடுத்து வேறு பொருளில் பயன்படுத்தினார்கள், அரசு அதைத் தண்டனையாக்கியது, மக்கள் அதை உதறி வேறொன்றை உருவாக்கினார்கள். எந்தக் கட்டத்திலும் ஒரு தரப்பு மட்டும் முடிவு செய்யவில்லை.


மறுமொழி 2
எழுதியவர்: கிளிநொச்சியிலிருந்து ஒருவன்

ஆசிரியர் ஐயா எழுதியதில் வரலாறு சரியாக இருக்கிறது. ஆனால் மலையக அடையாளம் என்பதே அந்தப் பயணத்தின் இயல்பான முடிவு என்பதுபோல் ஒரு தொனி அதில் இருக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. கிளிநொச்சி, வவுனியா அடங்கிய வன்னிப் பகுதிக்கு வந்த எங்களைப் போன்றவர்களின் கதையை அந்த வரைபடத்தில் எங்கே வைப்பது?

என் பெற்றோரும் 1977-க்குப் பின் வந்தவர்கள்தாம். அந்த ஆண்டும், பின்னர் 1981-இலும் 1983-இலும் தோட்டங்களில் தாக்கப்பட்டவர்களில் பலர் வடக்கு நோக்கி வந்தார்கள். காந்தியம் அமைப்பு வவுனியாப் பக்கத்தில் அவர்களைக் குடியமர்த்தியது. காணி கிடைத்தது, கிணறு வெட்டினார்கள், நெல்லும் உழுந்தும் விதைத்தார்கள். மாதச் சம்பளத்துக்குக் கொழுந்து பறித்தவர்கள் சொந்தக் காணிக்காரர்களானபோது, தங்களைப் பற்றி அவர்கள் நினைத்துக்கொண்ட விதம் அடியோடு மாறியது என்று என் தந்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். காலையில் வேலைக்கு ஆளெடுக்கும் 'பெரட்டு'க்குப் போய் நிற்க வேண்டியதில்லை என்பதே அவருக்குப் பெரிய விடுதலை.

ஆனால் வடக்கில் எங்களை அள்ளி அணைத்துக்கொண்டார்கள் என்று எழுதினால் அது பொய். 'தோட்டக்காட்டார்' என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் கேட்டே வளர்ந்தோம். கோயில் நிருவாகத்திலும் திருமணப் பேச்சிலும் அந்தச் சொல் இன்றும் முற்றாகப் போய்விடவில்லை. அதே நேரத்தில், இராணுவச் சோதனைச் சாவடியில் எங்களை நிறுத்தியவர்கள் எந்தத் தமிழர் என்று பிரித்துப் பார்க்கவில்லை. ஒரே எறிகணை, ஒரே இடப்பெயர்வு, 2009-இல் ஒரே முட்கம்பி முகாம். போரில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் நீங்கள் இந்தியத் தமிழரா என்று கேட்க யாருக்கு மனம் வரும்?

ஆகவே நான் 'இலங்கைத் தமிழர்' என்று எழுதுவது மறதியாலோ வெட்கத்தாலோ அன்று. என் பெற்றோரின் தோட்டத்தை நான் மறைப்பதில்லை. நான் பிறந்த மண்ணும் பட்ட துன்பமும் இங்கே இருப்பதால், அந்தப் பெயரில் எனக்கும் பங்குண்டு என்று உரிமையோடு எழுதுகிறேன். இதை எங்களுக்குள் ஊடுருவிய யாழ்ப்பாண மேலாதிக்கம் என்று சில மலையக நண்பர்கள் விமர்சிக்கிறார்கள். நூறாண்டுக்கு முன் மதுரைப் பக்கத்தவர்கள் மலைநாட்டு மக்களாக மாறியது நியாயம் என்றால், நாற்பதாண்டில் மலைநாட்டவர்கள் வன்னி மக்களாக மாறுவது மட்டும் எப்படித் துரோகமாகும்?


மறுமொழி 3
எழுதியவர்: கோத்தகிரிக்காரி

வணக்கம் தம்பி. நானும் உங்கள் பாட்டியைப் போல், இலங்கையிலிருந்து வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாம் வழியாக வந்தவள்; வரும்போது பள்ளிச் சிறுமி. புத்தகத்தில் இல்லாத சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

அங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள். கப்பலில் ஏறி இராமேசுவரத்தில் இறங்கிய அன்றே சிலோன்காரர் ஆனோம். அரசு ஏடுகளில் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதினார்கள். என் தாயும் அவர் தாயும் பிறந்தது தோட்டத்தில் என்பதால், எந்தத் தாயகத்துக்கு எப்போது போய்த் திரும்பினோம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. பூர்வீக ஊரைத் தேடிப் போனவர்களுக்கு அங்கே நிலமும் இல்லை, பல இடங்களில் வரவேற்பும் இல்லை. ஆகவே தெரிந்த தொழிலைத் தேடி மலைக்கே வந்தோம். எங்களுக்கு வேலை தருவதற்காகவே தமிழ்நாடு அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. பின்னாளில் அது 'டான்டீ' ஆயிற்று. வேறு சிலர் கேரளத்திலும் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பக்கத்திலும் இரப்பர்த் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள். உங்கள் ஆய்வேட்டில் நான்காவது கிளை ஒன்று வேண்டுமென்றால் அங்கே தேடிப் பாருங்கள்.

இங்கே வந்தபின் முதலில் கேட்கப்பட்டது சாதி. தோட்டத்தில் சாதி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்; கல்யாணத்திலும் லயத்தின் வரிசையிலும் அது இருந்தது. ஆனால் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே மலையில் கொழுந்து பறித்ததால் அதன் கூர்மை கொஞ்சம் மழுங்கியிருந்தது. இங்கே சாதிச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை. சான்றிதழ் கேட்டுப் போனால், உங்கள் முன்னோர் எந்த ஊர், அங்கே யார் சாட்சி என்று கேட்டார்கள். இதற்காகவே எத்தனையோ குடும்பங்கள், தாத்தா சொல்லிவிட்டுப் போன ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு திருச்சி, புதுக்கோட்டை, சேலம் என்று அலைந்தன. மறக்கத் தொடங்கியிருந்த ஓர் அடையாளத்தை மறுபடி தேடி எடுத்துக் காகிதத்தில் ஏற்ற வேண்டியதாயிற்று. இதைக் குறையாக மட்டும் நான் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தால் படித்து மேலே வந்த பிள்ளைகள் உண்டு. அடையாளம் பின்னோக்கியும் நகரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

'சிலோன்காரர்' என்பது முதலில் எங்களுக்குச் சுடுசொல்லாகவே இருந்தது. கடையில் கடன் கேட்டால், இவர்கள் எப்போது போய்விடுவார்களோ என்று ஒரு பார்வை. பிறகு கூலிக்காகவும் வீட்டுமனைக்காகவும் சங்கம் வைத்துப் பேச வேண்டி வந்தபோது, ஒப்பந்தத்தால் வந்தவர்கள், எங்களுக்கு மறுவாழ்வு தருவதாக இரண்டு அரசுகள் கையெழுத்திட்டிருக்கின்றன என்று எடுத்துச் சொல்ல அதே பெயர்தான் உதவியது. பாட்டி 'நாங்கள் சிலோன்' என்று சொல்வதில் ஏக்கம் இருக்கலாம். ஒரு கோரிக்கையும் அதில் இருக்கிறது. இலங்கை அகதி என்று எங்களை யாராவது தவறாக எண்ணினால் நாங்கள் உடனே திருத்துவோம்: 'நாங்கள் குடியுரிமை பெற்று வந்தவர்கள்.' அப்போது இந்தியர் என்பது முன்னால் வந்து நிற்கும்.


மறுமொழி 4
எழுதியவர்: புள்ளிவிவர வாசகன்

மேலே எழுதிய மூவரும் வாழ்வனுபவத்திலிருந்து பேசியிருக்கிறார்கள். எண்கள் காட்டும் ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். ஏனெனில் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு, அதாவது படிவம் முந்துகிறதா மக்கள் முந்துகிறார்களா என்பதற்கு, அது ஓரளவு விடை தருகிறது.

இலங்கையில் 1971-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' ஏறத்தாழ 11.7 இலட்சம் பேர், மக்கள்தொகையில் 9.3 விழுக்காடு. 1981-இல் ஏறத்தாழ 8.2 இலட்சம், 5.5 விழுக்காடு. இந்தச் சரிவின் பெரும்பகுதிக்குக் காரணம் தெளிவு: ஒப்பந்தப்படி மக்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் வைத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. மனிதர்களை இப்படிப் பங்கு போட்ட ஒப்பந்தத்தை நிதானமாகப் படிப்பது எளிதன்று. என்றாலும் ஆய்வு செய்பவர் அதைப் படித்தாக வேண்டும்.

ஆனால் 1984-இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நின்ற பிறகு ஒப்பந்தப்படி மக்களை அனுப்புவதும் நின்றுவிட்டது. அதற்குப் பின்னர் அந்த மக்கள்தொகை பெருகியிருக்க வேண்டும். மாறாக, 2012-இல் அது 8.4 இலட்சமாக, அதாவது முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ அசையாமல் இருந்தது. 2024-இல் ஏறத்தாழ 6 இலட்சமாக, 2.8 விழுக்காடாகக் குறைந்தது. இறப்பாலோ வெளிநாட்டுப் பயணத்தாலோ மட்டும் இந்தச் சரிவை விளக்க முடியாது. கணிசமானோர் படிவத்தின் வேறொரு கட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களில் 1981-இல் கணிசமான பங்காக இருந்த 'இந்தியத் தமிழர்' 2012-இல் மிகச் சிறு பங்காகச் சுருங்கியதைப் பார்த்தால், கிளிநொச்சி நண்பர் சொன்னது அவர் ஒருவரின் முடிவன்று என்பது விளங்கும். அவர்கள் எங்கும் போய்விடவில்லை. அதே ஊரில் வேறு பெயரில் எண்ணப்பட்டார்கள்.

2024-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' என்பதோடு 'மலையகத் தமிழர்' என்ற பெயரும் சேர்த்தே வைக்கப்பட்டது. 2023-இல் மக்கள் வருகையின் இருநூறாம் ஆண்டையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணமும், அந்தப் பெயரை ஏற்கக் கோரி ஆண்டுக்கணக்காக எழுந்த குரல்களும் இதன் பின்னால் இருக்கின்றன. கேட்ட பெயர் படிவத்தில் வந்த அதே தடவையில்தான் அந்தக் கட்டத்தில் இருந்தவர்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்தது! பெயருக்கான இயக்கம் ஒரு திசையிலும், குடும்பங்களின் அன்றாட முடிவுகள் இன்னொரு திசையிலும் போக முடியும் என்பதை இது காட்டுகிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கணக்கெடுக்க வருபவர் வாசலில் நின்று கேட்கும் கேள்விக்குக் குடும்பத் தலைவர் சொல்லும் பதில்தான் வீட்டிலுள்ள அனைவருக்கும் பதிவாகிறது. சில வேளைகளில் கேட்காமலே எழுதப்படுவதும் உண்டு. ஆகவே இந்த எண்களை மனத்தின் கண்ணாடி என்று கொள்ள வேண்டாம்.

தமிழ் அடையாளமே மாறிப்போன இடங்களும் உண்டு என்பதைச் சேர்த்து நோக்குவது நல்லது. நீர்கொழும்பு முதல் சிலாபம், புத்தளம் வரையிலான கரையோரத்தில் தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பல, தேவாலயத்திலும் பள்ளியிலும் சிங்களம் இடம்பிடித்த பிறகு, இரண்டு மூன்று தலைமுறைக்குள் தம்மைச் சிங்களவர் என்று எழுதத் தொடங்கின. சில வீடுகளில் பாட்டி தமிழில் பேச, பேரன் சிங்களத்தில் பதில் சொல்வான். களுத்துறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நாட்டுத் தோட்டங்களிலும், அருகில் தமிழ்ப் பள்ளி இல்லாத குடும்பங்கள் இவ்வாறு மாறி வருகின்றன. அங்கே யாரும் மக்களைக் கூட்டி முடிவெடுக்கவில்லை. பள்ளிக்கூடம் எந்த மொழியில் இருக்கிறது, பெண்ணை எந்த வீட்டில் கொடுக்கிறோம், வேலைக்கு எந்த மொழியில் விண்ணப்பிக்கிறோம் என்ற சிறு முடிவுகள் கூடிக் கூடி ஆறு திசைமாறுவதுபோல் மாறிவிட்டது. மலையகத்தில் நடந்தது அரசியல் சூடு நிறைந்த மாற்றம். இங்கே நடந்தது ஓசையில்லாத மாற்றம். பாடநூலின் 'தேடிக் கண்டடைதல்' இரண்டில் எதையும் விளக்காது என்ற தங்கள் ஐயம் நியாயமானதே.


கேள்வி கேட்டவரின் பதில்
எழுதியவர்: குன்னூர்ப் பேரன்

நால்வருக்கும் நன்றி. கோத்தகிரி அம்மா எழுதியதைப் படித்தபின் பாட்டியைக் கூர்ந்து கவனித்தேன். பக்கத்து வீட்டாரிடம் பேசும்போது சிலோன், வாக்குச்சாவடியில் இந்தியர், பதுளையிலிருந்து தொலைபேசியில் அண்ணன் மகன் பேசும்போது, 'நம்ம தோட்டத்து ஆட்கள்'. இவற்றில் எதையும் அவர் நடிப்பாகச் சொல்லவில்லை. அப்படியானால், மாறுவது அவருடைய அடையாளமா, அல்லது கேட்பவரைப் பொறுத்து அதன் ஒரு பக்கம் மட்டும் வெளிப்படுகிறதா? இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட எனக்கு ஒரு வழி வேண்டும். இல்லையென்றால் ஆய்வேட்டில் எல்லாவற்றையும் 'சூழலைப் பொறுத்தது' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவேன் என்று என் நெறியாளர் எச்சரிக்கிறார்.


மறுமொழி 5
எழுதியவர்: கிளிநொச்சியிலிருந்து ஒருவன்

என் அனுபவத்தில் ஒரு வேறுபாடு இருக்கிறது. கேட்பவரைப் பார்த்து மாற்றிச் சொல்வதால் நமக்கு எந்த இழப்பும் இல்லை. அடுத்த நாள் பழையபடி சொல்லிவிடலாம். பிள்ளையின் பிறப்புப் பதிவில் எதை எழுதுவது, மகளை யாருக்குக் கட்டிக் கொடுப்பது, இறந்தவரை எங்கே அடக்கம் செய்வது என்பவை திரும்பப் பெற முடியாதவை. என் தந்தை வாய்ப்பேச்சில் கடைசி வரை தோட்டத்து மனிதராகவே இருந்தார். ஆனால் என் பிறப்புப் பதிவில் 'இலங்கைத் தமிழர்' என்று எழுதச் சொன்னவரும் அவரே. மாற்றம் அவரிடம் நிகழவில்லை; அவருடைய முடிவின் வழியாக என்னிடம் நிகழ்ந்தது. பாட்டியின் பேச்சை மட்டும் கேட்டால் இது அகப்படாது. அவர் தம் பிள்ளைகளுக்காக என்னென்ன எழுதிக் கொடுத்தார் என்று கேளுங்கள்.


மறுமொழி 6
எழுதியவர்: அட்டன் பழைய ஆசிரியர்

நண்பர் சொன்ன அளவுகோல் நல்லது, ஏற்கிறேன். முந்தைய பதிவில் என் தொனியைப் பற்றி அவர் சொன்னதற்கு மட்டும் ஒரு வார்த்தை. வன்னிக்குப் போனவர்கள் வன்னி மக்களாவதை நான் துரோகம் என்று சொல்லவில்லை. ஆனால் மலைநாட்டில் தங்கியிருப்பவர்கள் தங்கள் எண்ணிக்கை குறையும்போது அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. தொகுதி எல்லைகளும் ஆசிரியர் நியமனங்களும் வீட்டுத் திட்டங்களும் அந்த எண்ணிக்கையை ஒட்டியே பேசப்படுகின்றன. தனி மனிதருக்கு உரிமையாக இருப்பது, கூட்டத்துக்குப் பலவீனமாகலாம். இரண்டையும் ஒன்றாக்கும் விடை என்னிடம் இல்லை.

இன்னொன்று. 2003-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தோடு நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. அதன் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை ஒரு பிரச்சினையாகத் தெரிவதில்லை. அவர்கள் கேட்பது காணியும் முகவரியும். லயத்தில் வாழ்பவர் பலருக்கு இன்றும் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்துதான் வீட்டுக்கு வருகிறது. வேலைக்கான நேர்முகக் கடிதம் இதனால் தாமதமாகக் கிடைத்தவர்கள் என் மாணவர்களில் உண்டு. ஏழு பேர்ச் (இலங்கையின் சிறிய நில அளவு) காணியில் தனி வீடு கிடைத்த குடும்பத்துப் பிள்ளைகள், கொழும்பில் வேலைக்குப் போகும்போது எந்தத் தோட்டம் என்று சொல்லாமல் ஊர்ப் பெயரைச் சொல்லத் தொடங்கியிருப்பதை நான் கவனிக்கிறேன். தோட்டத்தைச் சொன்னால் கடை முதலாளியின் பார்வை மாறும் என்பதும் அதற்கு ஒரு காரணம். தோட்டத்தில் வேலை செய்வோர் குறைந்துவரும் நாளில், தொழிலை வைத்து உருவான இந்த அடையாளம் இடத்தை வைத்து நிலைக்குமா, அல்லது கொழும்பில் கரையுமா என்பதே என் காலத்துக்குப் பின் எழுதப்பட வேண்டிய ஆய்வு.

தம்பி, உங்கள் நெறியாளருக்காக ஒரு செய்முறை சொல்கிறேன். மூன்று கிளையினரின் ஆவணங்களையும் ஆண்டு வரிசையில் அடுக்குங்கள்: தோட்டத்துச் செக்ரோலில் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவேட்டில்) பேர் பதிந்த நாள், பிறப்புச் சான்றிதழ்கள், இந்தியக் குடியுரிமைக்கோ இலங்கைக் குடியுரிமைக்கோ செய்த விண்ணப்பங்கள், தாயகம் திரும்பியோருக்குத் தரப்பட்ட குடும்ப அட்டை, நீலகிரியில் வாங்கிய சாதிச் சான்றிதழ், திருமணப் பதிவு. ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும் இனப்பெயருக்கு அருகில், அதை நிரப்பச் சொன்னவர் யார், நிரப்பியவர் யார், மறுத்திருந்தால் என்ன கிடைக்காமல் போயிருக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பாட்டியிடமும் பதுளை, கிளிநொச்சி உறவினரிடமும் அந்தந்த ஆண்டில் தங்களை யாரென்று சொல்லிக்கொண்டார்கள் என்று தனித்தனியே கேளுங்கள். காகிதமும் வாய்மொழியும் ஒத்துப்போகும் ஆண்டுகளைச் சுருக்கமாக எழுதிவிட்டு, விலகி நிற்கும் ஆண்டுகளுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள். பதுளைப் பக்கத்துத் தோட்டப் பதிவேடுகளைப் பார்க்க உறவினர் எவராவது உடன் வந்தால் எளிதாக இருக்கும். தனியே போனால் அலுவலகத்தில் காத்திருக்க வைப்பார்கள்.